பழைய வீடு, கடுங்குளிர்: முதலில் ஹீட் பம்பா, இன்சுலேஷனா?

வாடைக்காற்று எழுதியது:

வணக்கம். எங்கள் வீட்டைச் சூடேற்றும் கேஸ் பாய்லர் ஆயுளின் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. அதை மாற்றும்போதே வீட்டையும் கொஞ்சம் சரிசெய்யலாம் என்று நினைக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் குழப்பம்.

வீடு பழையது. இரண்டு தளம், கனத்த செங்கல் சுவர், சுவரில் இன்சுலேஷன், அதாவது வெப்பம் தப்பாமல் தடுக்கும் அடுக்கு, எதுவும் கிடையாது. அட்டிக்கில் (கூரைக்கு அடியிலுள்ள பரணில்) பழைய மினரல் வுல் என்ற இன்சுலேஷன் பஞ்சு 5 செ.மீ. உயரத்துக்கு அமுங்கிக் கிடக்கிறது. ஜன்னல்கள் பழைய காலத்து இரட்டைக் கண்ணாடி. குளிர்காலத்தில் மைனஸ் 10 டிகிரி இங்கே சாதாரணம். மேல்தளப் படுக்கையறை எவ்வளவு சூடேற்றினாலும் குளிர்கிறது. வடக்கு மூலையில், அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கிறது. கூரை விளிம்பில் ஒவ்வொரு வருடமும் பெரிய பனிக்கட்டிகள் தொங்குகின்றன.

வந்து பார்த்த ஒப்பந்தக்காரர் வீட்டின் பரப்பளவை மட்டும் கேட்டுவிட்டு 16 கிலோவாட் ஹீட் பம்ப் (வெளியே உள்ள வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் கொண்டுவரும் கருவி) போடச் சொன்னார். இன்னொருவர் எல்லா ஜன்னல்களையும் மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும் என்கிறார். கையில் இருக்கும் சேமிப்பில் ஒரு பெரிய வேலையை இப்போது செய்யலாம். மற்றவை பிறகுதான். இதே மாதிரி வீட்டைச் சரிசெய்தவர்கள் சொல்லுங்கள்.

பனிமுகடு எழுதியது:

நான் ஜன்னலுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். எங்கள் வீட்டில் மூன்றடுக்குக் கண்ணாடி போட்ட பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து படிக்க முடிகிறது. முன்பெல்லாம் அந்தப் பக்கம் போகவே மாட்டோம். பழைய இரட்டைக் கண்ணாடியின் யூ மதிப்பு, அதாவது ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் வழியாகத் தப்பும் வெப்பம், 2.8 வாட் வரை இருக்கும். இப்போது வரும் நல்ல மூன்றடுக்கு ஜன்னல் சட்டத்தோடு சேர்த்து 0.8 அளவில் நிற்கிறது. வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

கூரைக்காரன் எழுதியது:

வாடைக்காற்று, நீங்கள் சொன்ன மூன்று அறிகுறிகளில் இரண்டு அட்டிக்கைத்தான் காட்டுகின்றன. குளிர்கிற மேல்தளமும் கூரை விளிம்புப் பனிக்கட்டியும் ஒரே நோயின் இரண்டு முகங்கள்.

வீட்டுக்குள் இருக்கும் சூடான காற்று மேலே போகும். அட்டிக் கதவின் இடுக்கு, மேல்தளக் கூரை விளக்குகளின் துளை, குழாய்கள் மேலே ஏறும் பொந்து, புகைபோக்கியைச் சுற்றியுள்ள இடைவெளி, உள்சுவர்களின் தலைப்பகுதி, இப்படிக் கிடைத்த வழியெல்லாம் வெளியேறும். போன அளவுக்குக் குளிர்ந்த காற்று கீழே பேஸ்மென்ட் பக்கமாக உள்ளே வந்தாக வேண்டும். வெளியே குளிர் கூடக் கூட இந்த இழுப்பும் கூடும். வீடே ஒரு புகைபோக்கி போல வேலை செய்கிறது. தரைத்தளத்தில் கதவிடுக்கில் காற்று வீசுகிறது என்று எல்லோரும் அங்கே ரப்பர் ஒட்டுவார்கள். இழுப்பின் மூலம் மேலே இருக்கிறது. மேலே அடைத்தால் கீழே வீசுவது தானாகவே தணியும்.

பனிக்கட்டி விஷயமும் இதுதான். கசிந்த வெப்பம் கூரையின் அடிப்பக்கத்தைச் சூடாக்குகிறது, மேலே கிடக்கும் பனி உருகுகிறது, அந்த நீர் வழிந்து விளிம்புக்கு வருகிறது. விளிம்புக்குக் கீழே வீடு இல்லை, அதனால் அங்கே கூரை குளிர்ந்தே இருக்கும். நீர் அங்கே உறைந்து ஒரு வரப்பாகக் கட்டிக்கொள்கிறது. அடுத்து வரும் நீர் வரப்புக்குப் பின்னால் தேங்கி ஓட்டுக்கு அடியில் ஏறி உள்ளே ஒழுகும். கூரை விளிம்பில் மின்கம்பி சுற்றிச் சூடாக்கும் ஏற்பாட்டை விற்பார்கள், வாங்காதீர்கள். தப்பித்துப் போகும் வெப்பத்துக்கு மேல் இன்னும் மின்சாரம் செலவழிக்கும் வேலை அது.

எனவே முதலில் அட்டிக். அதிலும் முதலில் கசிவுகளை அடைப்பது, பிறகுதான் இன்சுலேஷனைக் கனப்படுத்துவது. இந்த வரிசையை மாற்றவே கூடாது. 30 செ.மீ. மினரல் வுல்லையோ செல்லுலோஸையோ (காகிதத் துகளையோ) கொட்டிய பிறகு துளை எங்கே இருக்கிறது என்று யாராலும் தேட முடியாது. பஞ்சு மாதிரியான இன்சுலேஷன் காற்றோட்டத்தை நிறுத்தாது, வடிகட்டும், அவ்வளவுதான். பழைய வீடுகளில் கிளறிப் பார்த்தால் சில இடங்களில் வுல் கறுத்திருக்கும். அழுக்குக் காற்று அதன் வழியாகப் போன தடம் அது. கறுப்பு எங்கே இருக்கிறதோ அங்கே துளை இருக்கிறது.

சிறு துளைகளுக்கு சீலன்ட், பெரிய பொந்துகளுக்குப் பலகை வெட்டி ஓரங்களில் ஃபோம். புகைபோக்கியைச் சுற்றி மட்டும் ஃபோம் கூடாது. அங்கே தகரத்தகடும் வெப்பம் தாங்கும் சீலன்ட்டும்தான். அட்டிக் கதவின் மேல்பக்கத்தில் கனமான ஃபோம் பலகை ஒட்டி, ஓரத்தில் ரப்பர் வைத்து, கொக்கி போட்டு இறுக்குங்கள். கதவு சும்மா மேலே கிடந்தால் ரப்பர் அழுந்தாது. கூரை விளிம்பில் காற்று நுழையும் வழியைப் புது இன்சுலேஷன் மூடிவிடாமல் தடுப்பு வைக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. அட்டிக்கில் பழுப்புநிறத்தில் மினுமினுக்கும் சிறு கற்கள் மாதிரி வெர்மிகுலைட் கொட்டியிருந்தால் கையே வைக்காதீர்கள். சிலவற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கும். ஆய்வகத்தில் சோதித்த பிறகுதான் மேலே ஏற வேண்டும்.

ஈரமானி எழுதியது:

கூரைக்காரன் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். பூஞ்சணம் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் ஜன்னல் யோசனை எனக்குக் கவலை தருகிறது.

அறையில் 20 டிகிரியும் 50% ஈரப்பதமும் இருந்தால், 9 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் பரப்பிலேயே நீர்த்துளி கோக்கத் தொடங்கும். ஆனால் பூஞ்சணத்துக்கு நீர்த்துளி தேவையே இல்லை. பரப்பை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80% ஆகி, அது நாள்கணக்கில் நீடித்தாலே போதும். அதே அறையில் சுமார் 12.6 டிகிரிக்குக் கீழே போகும் எந்தச் சுவரிலும் அந்த நிலை வந்துவிடும். இன்சுலேஷன் இல்லாத வெளிமூலையில், அறைக்காற்று எட்டாமல் அலமாரி மறைக்கும் இடத்தில், மைனஸ் 10 வேளையில் 12 டிகிரி என்பது எளிதில் கிடைக்காத ஒன்று. அலமாரியை வெளிச்சுவரிலிருந்து ஒரு கை அளவு நகர்த்தி வையுங்கள், முடிந்தால் உள்சுவருக்கே மாற்றுங்கள்.

இப்போது அந்த வீட்டில் மிகக் குளிர்ந்த பரப்பு பழைய கண்ணாடி. ஈரம் முதலில் அங்கே படிந்து வழிகிறது, நீங்கள் துடைக்கிறீர்கள். ஜன்னலிடுக்கு வழியாகக் கொஞ்சம் ஈரக்காற்றும் வெளியேறுகிறது. இறுக்கமான புதிய மூன்றடுக்கு ஜன்னலை மட்டும் போட்டால் இரண்டும் நின்றுவிடும். வீட்டின் குளிர்ந்த பரப்பு என்ற இடம் சுவர் மூலைக்குப் போகும், ஈரமும் அங்கே போகும். ஜன்னல் மாற்றிய அடுத்த குளிர்காலத்தில் பூஞ்சணம் பரவிய வீடுகள் ஏராளம். சுவரையும் காற்றோட்டத்தையும் பற்றி யோசிக்காமல் ஜன்னலைத் தனியே மாற்றக் கூடாது.

பனிமுகடு எழுதியது:

> சுவரையும் காற்றோட்டத்தையும் பற்றி யோசிக்காமல்

எங்கள் வீட்டில் சுவரில் ஏற்கெனவே இன்சுலேஷன் இருந்தது, அதனால் இந்தச் சிக்கல் வரவில்லை. நியாயமான பேச்சு. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: குளிர்ந்த கண்ணாடி அருகே உட்காரும்போது உடம்பு அதை நோக்கி வெப்பத்தை இழக்கிறது. அறையில் 21 காட்டினாலும் குளிரும், ஆட்கள் தெர்மோஸ்டாட்டை 23க்கு ஏற்றிவிடுவார்கள். அந்தச் செலவையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

சுருள்கம்பி எழுதியது:

அதைக் கணக்கில் எடுப்போம், ஆனால் முதலில் மொத்தக் கணக்கைப் போடுவோம். வாடைக்காற்று, வெளிச்சுவர் எத்தனை சதுர மீட்டர், ஜன்னல் எத்தனை, ரேடியேட்டர்களின் (பாய்லர் நீர் ஓடி அறையைச் சூடேற்றும் பலகைகளின்) மொத்தத் திறன் எவ்வளவு என்று சொல்ல முடியுமா? கூடவே இன்னொன்று. ஓரளவு ஒரே சீராகக் குளிர் இருக்கும் ஒரு நாளில் கேஸ் மீட்டரை இன்று ஒரு முறை, நாளை அதே நேரத்தில் ஒரு முறை பாருங்கள். வெளியே சராசரி வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்த விற்பனையாளரின் மதிப்பீட்டையும் விட அந்த இரண்டு எண்கள் நம்பத்தகுந்தவை. புளோயர் டோர் சோதனையும் செய்யுங்கள். வாசற்கதவில் விசிறியைப் பொருத்தி வீட்டை 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசத்தில் வைத்து, எவ்வளவு காற்று கசிகிறது என்று அளப்பார்கள். விசிறி ஓடும்போது கையை வைத்துப் பார்த்தாலே துளைகள் தெரியும்.

அடுக்ககவாசி எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. நான் அடுக்குமாடியில் நடுத்தளத்தில் இருக்கிறேன். வெளிச்சுவரையும் கூரையையும் தொட எனக்கு உரிமை இல்லை. என்ன செய்யலாம்?

சுருள்கம்பி எழுதியது:

ஜன்னல் ரப்பர்களை மாற்றுங்கள், கதவுப்பிடிப்பு இறுக்கத்தைச் சரிசெய்யுங்கள். ரேடியேட்டரைத் திரைச்சீலை மூடாமல் பாருங்கள். அதற்கு மேல் உள்ளது எல்லாம் கட்டடத்தின் வேலை. சங்கக் கூட்டத்தில் கேட்க வேண்டியது, சூடேற்றும் குழாய் அமைப்பைச் சமன்செய்திருக்கிறார்களா என்பதுதான். பாய்லருக்கு அருகில் இருக்கும் வீடுகள் ஜன்னலைத் திறந்துவைக்க, கடைசி வீடு நடுங்கும். அந்தக் கடைசி வீட்டுக்காக மொத்தக் கட்டடத்துக்கும் தண்ணீரைக் கூடுதலாகச் சூடாக்குவார்கள். சமன்செய்தால் தண்ணீரின் வெப்பநிலையைக் குறைக்கலாம். பால்கனித் தளம் சுவரைத் துளைத்துக்கொண்டு அறைக்குள் தொடர்ந்து வருகிறதா என்றும் பாருங்கள். கான்கிரீட் நல்ல வெப்பக் கடத்தி, அந்த இடம் எப்போதும் குளிர்ந்திருக்கும்.

வாடைக்காற்று எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அலமாரியை நகர்த்திவிட்டோம். அளவுகள் இதோ: ஒவ்வொரு தளமும் 80 ச.மீ., வீட்டின் கனஅளவு 400 கன மீட்டர். ஜன்னல் போக வெளிச்சுவர் 120 ச.மீ., ஜன்னல்கள் 20 ச.மீ. ரேடியேட்டர்கள் எல்லாம் சேர்த்து 13 கிலோவாட் என்று பழைய தாளில் இருக்கிறது. சராசரி மைனஸ் 5 இருந்த நாளில் 25 கன மீட்டர் கேஸ் எரிந்தது, குளிக்கும் நீருக்கானது அதில் சேரவில்லை. வீட்டுக்குள் 20 டிகிரி. புளோயர் டோர் சோதனையில் 50 பாஸ்கலில் மணிக்கு 3200 கன மீட்டர் கசிவு, அதாவது மணிக்கு 8 முறை காற்று மாறுகிறதாம். அட்டிக் கதவருகே காகிதத்தைப் பிடித்தால் பறக்கிறது. இது மோசமா?

சுருள்கம்பி எழுதியது:

பழைய வீட்டுக்கு அசாதாரணம் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க: ஸ்வீடன் 1975 கட்டட விதிகளிலேயே தனிவீடுகளுக்கு 3 என்ற வரம்பை வைத்தது. கனடாவின் ஆர்-2000 தரம் 1.5 கேட்கிறது. மிகக் குறைந்த சூடேற்றலில் இயங்கும் வீடுகளுக்கான பாஸிவ் ஹவுஸ் தரத்துக்கு 0.6, பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது 1.0. எனவே இது நம்மால் முடியாத கற்பனை இல்லை, ஐம்பது வருடப் பழைய தொழில்நுட்பம்.

சரி, கணக்கு. பரப்பு, யூ மதிப்பு, உள்ளேயும் வெளியேயும் உள்ள வெப்பநிலை வித்தியாசம், மூன்றையும் பெருக்கினால் வாட் கிடைக்கும். உள்ளே 20, வெளியே மைனஸ் 10, வித்தியாசம் 30.

சுவரின் யூ மதிப்பை 1.5 என்று வைத்தால் 5.4 கிலோவாட். ஜன்னல் 1.7. அட்டிக்கில் அமுங்கிய வுல்லுக்கு 0.7 என்று வைத்தால் அதுவும் 1.7. கசிவுக்கு, 50 பாஸ்கல் எண்ணை 20ஆல் வகுப்பது தோராயமான வழக்கம், மணிக்கு 0.4 முறை. காற்றின் ஒவ்வொரு கன மீட்டருக்கும் டிகிரிக்கும் 0.34 வாட்மணி என்று போட்டால் 1.6. பேஸ்மென்ட் பக்கம் 0.8 இருக்கும். மொத்தம் 11 கிலோவாட் சொச்சம்.

இதை மீட்டரோடு ஒத்துப் பார்ப்போம். ஒரு கன மீட்டர் கேஸில் ஏறத்தாழ 10 கிலோவாட் மணி. 250ஐ பாய்லரின் திறன் 85% என்று பெருக்கி 24 மணி நேரத்தால் வகுத்தால் சராசரி 8.9 கிலோவாட். அது 25 டிகிரி வித்தியாசத்துக்கு. 30க்கு மாற்றினால் 10.6. வெயிலும் ஆட்களும் மின்சாதனங்களும் தரும் வெப்பம் மீட்டரில் வராது என்பதால், இரண்டு எண்களும் நன்றாகவே பொருந்துகின்றன.

ஆக, வீடு இன்று இருக்கும் நிலையிலேயே 16 கிலோவாட் தேவைப்படவில்லை. இனிமேல் என்ன ஆகும் என்று பாருங்கள். அட்டிக்கில் 30 செ.மீ. கூடுதலாகக் கொட்டினால் 1.7 என்பது 0.3க்கு வரும். கசிவை 8இலிருந்து 4.5க்குக் குறைத்தால் 1.6 என்பது 0.9 ஆகும். இந்த இரண்டிலும் பெரும்பங்கு உழைப்புதான், பொருட்செலவு குறைவு. ஜன்னல்கள் அத்தனையும் மாற்றினால் 1.7 என்பது 0.5 ஆகும். அட்டிக் தருவதைவிடக் கொஞ்சம் குறைந்த லாபம், பல மடங்கு செலவு. பனிமுகடு சொன்ன இதம் உண்மை, அதனால் ஜன்னல் வேண்டாம் என்று சொல்லவில்லை. வரிசையில் பின்னால் வரட்டும்.

பெரிய திமிங்கலம் சுவர்தான். வெளிப்பக்கம் 16 செ.மீ. நல்ல இன்சுலேஷன் போட்டால் 5.4 என்பது 0.7க்கு இறங்கும். 16ஐ 32 ஆக்கினால் கிடைப்பது இன்னும் 0.3தான். முதல் சில அங்குலங்களே பெரும்பகுதியைச் சம்பாதித்துவிடும்.

அட்டிக், கசிவு, சுவர் மூன்றும் முடிந்தால் வீட்டின் தேவை 4.5 கிலோவாட் அளவில் நிற்கும். இப்போது 16 கிலோவாட் ஹீட் பம்ப் வாங்கிப் போட்டால், பிறகு அது தன் வாழ்நாள் முழுவதும் அடிக்கடி ஓடி நின்று, ஓடி நின்று தேயும்.

தச்சன்மகள் எழுதியது:

அருமை. நான் சேர்க்க ஒன்று இருக்கிறது. ரேடியேட்டர்களின் 13 கிலோவாட் என்பது 75 டிகிரியில் தண்ணீர் போய் 65இல் திரும்பும்போது. 45இல் போய் 40இல் திரும்பினால் அதில் 35% தான் கிடைக்கும், சுமார் 4.6 கிலோவாட். இன்று அது போதாது. சுவர் முடிந்த பிறகு அதே ரேடியேட்டர்களே போதும், ஒன்றைக்கூட மாற்ற வேண்டாம். ஹீட் பம்புக்கு இந்த 45 டிகிரிதான் உயிர். அனுப்பும் நீரின் வெப்பநிலையில் ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் மின்செலவு 2% அளவில் குறைகிறது.

பாய்லர் இந்தக் குளிர்காலத்தைத் தாங்குமா என்பதுதான் என் கேள்வி. தாங்கினால் அதற்கு அந்த அவகாசத்தைக் கொடுங்கள். வீட்டைச் சரிசெய்துவிட்டு, சரிசெய்த வீட்டுக்கு ஏற்ற சிறிய ஹீட் பம்பை வாங்குங்கள்.

சுவரை உள்பக்கமாகச் செய்யச் சொல்லி யாராவது வருவார்கள், வேலை சுலபம் என்பார்கள். நான் மரவேலை செய்பவள். தளத்தைத் தாங்கும் மர உத்திரங்களின் முனை செங்கல் சுவருக்குள் புதைந்திருக்கும். இன்று அறையின் வெப்பம் அந்தச் சுவரை உலர வைக்கிறது. உள்ளே இன்சுலேஷன் ஒட்டினால் செங்கல் குளிர்ந்து, நனைந்தே கிடக்கும். உத்திர முனை உளுத்துப்போவதை யாரும் பார்க்க முடியாது. மழையில் நனைந்த செங்கல் உறைந்து உருகி உறைந்து உதிரவும் செய்யும். வீட்டு முகப்பை மாற்றவே கூடாது என்ற சட்டம் இருந்தால் வேறு வழி இல்லை, அப்போது கால்சியம் சிலிகேட், மரநார்ப் பலகை மாதிரி ஈரத்தை உறிஞ்சித் திருப்பித் தருகிற பொருளாக, மெல்லிதாக, ஈரக்கணக்குப் போட்டுச் செய்ய வேண்டும். உங்களுக்கு அந்தத் தடை இல்லையென்றால் வெளிப்பக்கம்தான். வெளியே போர்த்தினால் செங்கலும் உத்திரமும் சூடாக, உலர்ந்து இருக்கும்.

வாடைக்காற்று எழுதியது:

முகப்புக்குத் தடை இல்லை. பாய்லர் ஒரு குளிர்காலம் ஓடும் என்று பராமரிப்பவர் சொல்கிறார். அப்படியென்றால் அட்டிக் இப்போதே, சுவர் வசந்தத்தில், ஹீட் பம்ப் அதற்குப் பிறகு. ஒரு பயம் மட்டும் இருக்கிறது. வீட்டை இப்படி அடைத்துக்கொண்டே போனால் மூச்சு முட்டாதா?

ஈரமானி எழுதியது:

நியாயமான பயம், இதை அலட்சியப்படுத்துபவர்களிடம் வேலை கொடுக்காதீர்கள். கசிவு என்பது காற்றோட்டம் ஆகாது. காற்று வீசும் குளிர் நாளில் தேவைக்கு மேல் வரும், அமைதியான நாளில் வரவே வராது, வருவதும் பேஸ்மென்ட் தூசி வழியாக வரும். அடைத்த வீட்டுக்குக் காற்றோட்டத்தை நாமே ஏற்பாடு செய்ய வேண்டும். வெப்ப மீட்புக் கருவி வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றிக்கொடுக்கும். நல்ல கருவி 80% அளவுக்குத் திருப்பித் தருகிறது. 1977இல் கனடாவின் ரெஜைனாவில் கட்டிய சஸ்காட்செவான் கன்சர்வேஷன் ஹவுஸ் அப்போதே இறுக்கமான சுவரையும் இந்தக் கருவியையும் சேர்த்தே வைத்தது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் 1991இல் எழுந்த முதல் பாஸிவ் ஹவுஸும் அதே வழியில்தான் போனது. இரண்டையும் பிரிக்கக் கூடாது.

4.5 அளவுக்கு வந்தால் இந்தக் குளிர்காலத்துக்குக் குளியலறையிலும் சமையலறையிலும் நல்ல வெளியேற்று விசிறி போதும். சுவர் வேலையோடு கருவிக்கான குழாய்களுக்கும் திட்டமிடுங்கள். அறையில் ஒரு சிறிய ஈரமானி வைத்து, கடுங்குளிரில் 40% பக்கம் நிற்கிறதா என்று பார்த்துவாருங்கள்.

பாய்லர் எரியும் காற்றை எங்கிருந்து எடுக்கிறது? அறையிலிருந்து எடுத்து சாதாரணப் புகைபோக்கியில் விடுகிற வகையா?

வாடைக்காற்று எழுதியது:

ஆமாம், பேஸ்மென்டிலிருந்துதான் எடுக்கிறது. புகைபோக்கி பழைய செங்கல்.

கூரைக்காரன் எழுதியது:

அப்படியானால் இதை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யுங்கள். வீட்டை அடைத்த பிறகு சமையலறை விசிறி, குளியலறை விசிறி எல்லாம் ஓடினால், உள்ளே வர வழியில்லாத காற்று புகைபோக்கி வழியாகத் திரும்பி இறங்கலாம். அதோடு கார்பன் மோனாக்சைடும் இறங்கும். நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயு அது. அட்டிக் வேலை தொடங்குவதற்கு முந்தைய நாளே படுக்கையறைகள் இருக்கும் தளத்திலும் பேஸ்மென்டிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டுங்கள். அடைத்து முடித்ததும் எல்லா விசிறிகளையும் போட்டு, கதவு ஜன்னல்களை மூடி, பாய்லரை ஓடவிட்டு, புகை சரியாக மேலே இழுக்கிறதா என்று உரிமம் உள்ளவரை அளக்கச் சொல்லுங்கள். இழுக்கவில்லை என்றால் பாய்லருக்குத் தனியாக வெளிக்காற்றுக் குழாய் போட்ட பிறகுதான் அதை ஓட்ட வேண்டும். ரேடான் (மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க வாயு) அதிகமுள்ள மண் என்றால் அந்தச் சோதனையையும் அடைத்த பிறகு ஒரு முறை திரும்பச் செய்துவிடுங்கள்.

வாடைக்காற்று எழுதியது:

அலாரங்கள் மாட்டிவிட்டோம். அட்டிக் வேலை முடிந்து மறு சோதனையும் ஆனது, 8 இருந்தது 4.6க்கு வந்திருக்கிறது. எல்லா விசிறிகளும் ஓடும்போதும் புகை மேலே போகிறது என்று அளந்து எழுதிக் கொடுத்தார்கள். மேல்தள அறை இப்போது கீழ்த்தளத்தைப் போலவே இருக்கிறது. சுவருக்கு மூன்று பேரிடம் மதிப்பீடு கேட்டிருக்கிறேன். அவர்களிடம் என்ன கேட்க வேண்டும்?

தச்சன்மகள் எழுதியது:

சுவரின் நடுப்பகுதியை எல்லோரும் ஒழுங்காகச் செய்வார்கள். ஓரங்களை வரைந்து காட்டச் சொல்லுங்கள். 16 செ.மீ. கனம் கூடினால் கூரை விளிம்பு அதற்கு வெளியே நீட்டி நிற்குமா, நிற்காவிட்டால் எப்படி நீட்டுவார்கள்? சுவர் இன்சுலேஷன் மேலே ஏறி அட்டிக் இன்சுலேஷனோடு இடைவெளி இல்லாமல் சேருமா? கீழே தரைமட்டத்துக்கு அடியில் எவ்வளவு தூரம் இறங்கும், அங்கே ஈரம் தாங்கும் பொருள் போடுவார்களா? ஜன்னல் சட்டத்தின் மேல் இன்சுலேஷன் கொஞ்சம் ஏறுமாறு செய்வார்களா, ஜன்னல் திண்டுகளை நீட்டுவார்களா? அடுத்த சில வருடங்களில் ஜன்னல் மாற்றும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே சொல்லிவிடுங்கள். புதிய ஜன்னல் இன்சுலேஷன் அடுக்கை ஒட்டி வெளியே நகர்ந்து உட்கார வேண்டும், அதற்கான தாங்கியை இப்போதே வைத்தால் பிறகு சுவரை உடைக்க வேண்டாம். மூவரில் யார் இந்த இடங்களுக்குப் படம் வரைந்து தருகிறாரோ அவருடைய மதிப்பீட்டை முதலில் படியுங்கள். படங்கள் வந்ததும் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.